இடப்பக்கம் போகத் தெரியாதவன்

அந்தக் கூடைப்பந்துக் கழகத்தில் ஆடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஆடுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் முப்பத்தொன்பது பேர். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துக் குளிக்க இரண்டு குழாய்கள், அதில் ஒன்று ஒழுகும். முப்பத்தொன்பது பேருக்கு ஆளுக்கொரு சுழல் நாற்காலி, மேஜை மேல் பதவிப் பலகை, நாளுக்கு மூன்று முறை டீ. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்தை யார் வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். போட்டதைப் பற்றி எட்டு மாதம் பேச எல்லாராலும் முடியுமா?

அந்த முப்பத்தொன்பது பேருக்கு எதிர்கால மதிப்பீட்டுக் குழு என்று பெயர். அதன் மேஜைக்கு இந்த வருடம் வந்து சேர்ந்தவன் ஒட்டடை. வயது இருபது, உயரம் ஆறடி ஆறங்குலம். பள்ளிக்கூடத்தில் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டார்கள். கழகத்தில் பாதிப் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள், அதில் பத்து மாதம் ஓடிவிட்டது. இந்தப் பத்து மாதத்தில் அவன் மேட்சில் இறங்கி ஆடியது மொத்தம் பதினோரு நிமிடம். எதிர்காலம் மதிப்பிடப்படாத ஆளை நிகழ்காலத்தில் இறக்கக் கூடாது என்று விதி பதினான்கு சொல்கிறது. அவனுக்கோ பந்தைத் தவிர வேறு எதுவும் உருப்படியாக வராது. வெந்நீர் வைக்கச் சொன்னால்கூட பாத்திரத்தைக் கருக்கிவிடுவான் என்பாள் அவன் அக்கா. ஒப்பந்தம் நீளாவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். கூட்ட அறை மைதானக் கூடத்துக்கு நேர் மேலே இருக்கிறது. அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல், எட்டிப் பார்த்தால் கீழே கோர்ட். அந்த ஜன்னலைத் தடித்த பச்சைத் திரையால் மூடி, திரை விலகாமல் இருக்கக் கீழே செங்கல் வைத்துத் தைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது.

"உக்காருப்பா" என்றார் குழுத் தலைவர். இளவயதில் கல்லூரி அணிக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தேர்வாகி, அன்றைக்கு மழை பெய்து ஆட்டம் நின்றுபோன அனுபவம் உடையவர். "பயப்படாதே, இது விசாரணை இல்ல. உன்னைப் பத்தி நாங்க பேசுவோம், நீ கேட்டுக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான்."

ஒட்டடை உட்கார்ந்தான். வீரர்களுக்கான நாற்காலி மிகவும் தாழ்வாக இருந்ததால் முழங்கால் முகவாயைத் தொட்டது. வருகைப் பதிவேடு வந்தது. பேனாவை இடது கையில் வாங்கி, இடது கையாலேயே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். முப்பத்தொன்பது பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் இரண்டு பிரிவுகள். ஒருவன் என்னவெல்லாம் ஆகக்கூடும் என்று எழுதுவது சாத்தியப் பிரிவு. என்னவெல்லாம் ஆக மாட்டான் என்று எழுதுவது குறைப் பிரிவு. நடுநிலை தவறக் கூடாது என்பதற்காக இரண்டு கோப்புகளும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் அவற்றின் தலைமையைச் சாத்தியம் மேடம், குறை சார் என்று கூப்பிடுவார்கள்.

சாத்தியம் மேடம் முதலில் படித்தார். "வீரரின் உயரம் சாத்தியம் மிக்கது. கை நீளம் சாத்தியம் மிக்கது. வயது இருபது. இந்த வயது மிகவும் அனுகூலமானது என்பதால் இது மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்ளும்படி நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கிறோம்."

குறை சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரே ஒரு பெரிய குறை. வீரருக்கு இடப்பக்கம் போகத் தெரியாது. இருநூற்றுப் பதினான்கு வீடியோ பார்த்தோம். வலது கையால்தான் பந்தைத் தட்டுகிறார், வலப்பக்கமாகத்தான் போகிறார், வலது கையால்தான் கூடையில் போடுகிறார். ஒரு கட்டத்தில் இவருக்கு இடது கை உண்டா என்றே எங்கள் பிரிவில் சந்தேகம் எழுந்தது. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி இணைத்திருக்கிறோம். உண்டு."

ஒட்டடை தன் இடது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "சார், நான் இடது கைக்காரன் சார். எனக்கு வலது கைதான் வராது."

குறை சார் அவசரமாகக் கோப்பைப் புரட்டினார். "பக்கம் முப்பத்தொண்ணு" என்றார் குறை சார், தேடிய சாவி கிடைத்த முகத்தோடு. பக்கம் முப்பத்தொன்றில் 'வீரருக்குத் தன்னைப் பற்றிய தெளிவு போதாது' என்று இருந்தது.

"தம்பி" என்றார் குழுத் தலைவர் கனிவாக. "உன்னை நீ ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்ப்பே? காலைல பல்லு தேய்க்கும்போது ரெண்டு நிமிஷம். நாங்க இருநூத்திப் பதினாலு வீடியோ பார்த்திருக்கோம். உன்னைப் பத்தி யாருக்கு அதிகம் தெரியும்னு நீயே சொல்லு."

"திரையைக் கொஞ்சம் விலக்குங்க சார். கீழ போயி ரெண்டே நிமிஷம் ஆடிக் காட்டறேன். நீங்களே பார்த்துடலாம்."

சாத்தியம் மேடம் கையிலிருந்த பிஸ்கட்டை வைத்துவிட்டார். அறைக்குள் யாரோ அசிங்கமாகப் பேசியதுபோல ஆளாளுக்குக் கோப்பைப் புரட்டினார்கள்.

"நேர்ல பார்க்கறதில்லைப்பா" என்றார் தலைவர். "அது இந்தக் குழுவோட ஒழுக்கம். நேர்ல பார்த்தா பாசம் வந்துரும், பாசம் வந்தா மதிப்பீடு கெட்டுரும். நான் இந்தப் பொறுப்புக்கு வந்து நாலு வருஷமாச்சு, இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூட நேர்ல பார்த்ததில்ல. சுத்தமா இருக்கேன்."

கடைசியில் கருணையோடு ஒரு முடிவெடுத்தார்கள். ஒட்டடைக்கு நாற்பது நாள் இடக்கைச் சிறப்பு முகாம். அதில் தேறினால் ஒப்பந்தம் நீளும்.

கீழே கோர்ட்டில் பயிற்சியாளர் அந்த உத்தரவைப் படித்துவிட்டு, நாலாக மடித்து விசிலோடு பையில் போட்டுக்கொண்டார். "உனக்கு இடது கை வராதாம்டா. நாப்பது நாள்ல வரவைக்கணுமாம்."

"உங்களுக்குத்தான் தெரியுமே சார். மேல சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரியும்தான். ஆனா தெரிஞ்சுக்கற பதவியில நான் இல்லையே. நான் வெறும் கோச்."

பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த, எல்லாரும் தூண் என்று கூப்பிடும் ஆள் சிரித்தார். அணியில் பன்னிரண்டு வருடமாக இருக்கும் தடுப்பாட்டக்காரர் அவர். முப்பத்துநாலு வயது, இரண்டு பெண் குழந்தைகள். பயிற்சியில் தினமும் ஒட்டடையைத் தடுத்து நிற்பது அவர் வேலை. "பத்து மாசமா இடப்பக்கமா வந்து வந்து என் விலாவுல இடிக்கறான். இவனுக்கு இடப்பக்கம் போகத் தெரியாதாம். அவங்களையெல்லாம் ஒரு நாள் என் இடத்துல நிக்கச் சொல்லுங்க சார்."

"விடுங்கப்பா" என்றார் பயிற்சியாளர். "இருக்கற கையை வரவைக்கறதுக்கு என்ன கஷ்டம்? நாப்பது நாள் எப்பவும்போல ஆடு. நாப்பத்தொண்ணாம் நாள் இடது கை வந்துருச்சுன்னு எழுதிக் குடுத்துடறேன். உனக்கும் நல்ல பேரு, எனக்கும் நல்ல பேரு."

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரிதான் இருந்தது. ஒட்டடை பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

முகாமின் முதல் நாள் ஐம்பது பந்தில் நாற்பது விழுந்தது. பத்தாம் நாள் நாற்பத்தைந்து. பயிற்சியாளர் தினமும் எண்ணிக்கையை மேலே அனுப்பினார். சாத்தியப் பிரிவில் தீபாவளி கொண்டாடாத குறைதான். இல்லாத கையில் பத்தே நாளில் இத்தனை முன்னேற்றம் என்று சாத்தியம் மேடம் ஒரு வரைபடம் போட்டார். கோடு தாளுக்கு வெளியே போயிற்று. மேலே ஒரு தாளை ஒட்டினார்கள், அதையும் தாண்டியது. ஏணி கொண்டுவந்து சுவரில் வரைந்தார்கள். இதே வேகத்தில் போனால் நூற்றிருபதாவது நாள் ஐம்பது பந்து போட்டு நூற்றாறு கூடையில் விழும் என்று தெரியவந்தபோது, அந்தப் பிரிவில் இரண்டு பேருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

எதிர் அறையில் குறை சாருக்குத் தூக்கம் போயிற்று. பதினெட்டுப் பேர் வேலை பார்க்கும் பிரிவு, கைவசம் இருந்த ஒரே குறையும் கைநழுவிப் போகிறதே என்று முகாமின் வீடியோக்களை மொத்தமாக வரவழைத்தார். நாற்பது நாள் வீடியோவையும் ராப்பகலாகப் பார்த்தார். நாற்பத்தொன்றாம் நாள் காலை அவசரக் கூட்டம் கூடியது.

"நாற்பது நாளில்" என்று படித்தார் குறை சார், குரல் தழுதழுக்க, "இடக்கை முகாமில் வீரர் தம் இடது கையை ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. எல்லாப் பந்தையும் வலது கையால்தான் போட்டிருக்கிறார்."

பயிற்சியாளரை நிற்கவைத்துக் கேட்டார்கள். "நான் பக்கத்துலயே நின்னேன் சார். என் கண்ணால பார்த்தேன்" என்றார் அவர்.

தலைவர் சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். "கண்ணால பார்த்தேன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்புறம் நாங்க என்ன பண்ண முடியும்? வீடியோவுக்கு உங்க மேல பகையா, அவன் மேல பகையா?"

பொய்யறிக்கை கொடுத்த குற்றத்துக்காக அன்று மாலையே பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கினார்கள். போகும்போது அவர் விசிலை மேஜை மேல் வைத்தார், அதற்கும் ரசீது கேட்டார்கள். ஒட்டடையை மட்டும் சின்னப் பையன் என்று மன்னித்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, கையில் வீடியோ பதிந்த ஒரு பென்டிரைவையும் கொடுத்தார்கள். 'உன் குறையை நீயே பார்' என்று அதன் மேல் எழுதியிருந்தது.

வீட்டில் அவன் அதை டிவியில் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். வீட்டில் அம்மா, அக்கா, அவன். அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், பதினோரு வருட சர்வீஸ். அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா அது?"

"நான்தான்."

"நீ எப்படா சோத்துக்கையால பந்து போட ஆரம்பிச்சே?"

அடுக்களையிலிருந்து அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தாள். "மாத்திட்டாங்களா? அஞ்சு வயசுல இவனை சோத்துக்கைக்கு மாத்தறதுக்கு நான் படாத பாடு பட்டேன். முடியலையே. நல்லா இருப்பாங்க அந்த கிளப்புக்காரங்க."

"அம்மா, சும்மா இரும்மா" என்றாள் அக்கா. காலைத் துடைத்துக்கொண்டு டிவி பக்கத்தில் வந்து நின்றாள். "இதுல எது இடது, எது வலதுன்னு எங்கடா போட்டிருக்கு? எங்க ரூம்ல ஓரத்துல எல், ஆர்னு எழுத்து இல்லாம ஒரு படமும் வெளிய போகாது. திருப்பிப் பிடிச்சா இடது கால் வலது காலாயிடும். நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிட்டு அப்புறம் டாக்டர் எங்களைத் திட்டுவார்." விரலைத் திரையில் ஒரு மூலைக்குக் கொண்டுபோனாள். "அந்தக் கடிகாரத்தைப் பாரு. நொடி முள்ளு எந்தப் பக்கம் போகுது?"

ஒட்டடை பார்த்தான். கூடத்துச் சுவரில் பந்து படாமல் உயரத்தில் மாட்டியிருக்கும் எண் இல்லாமல் கோடு மட்டும் போட்ட பெரிய வட்டக் கடிகாரம். அதன் நொடி முள் பன்னிரண்டிலிருந்து பதினொன்றுக்குப் போனது. அங்கிருந்து பத்துக்கு.

"உங்க கிளப்புல நேரம் பின்னாடி ஓடுதா?" என்றாள் அக்கா. "படம் இடம் வலம் மாறியிருக்குடா. இதைப் பார்த்து மூணு செகண்டுல சொல்லணும். முப்பத்தொன்பது பேரு எட்டு மாசமா என்னத்தடா பார்த்தாங்க?"

மறுநாள் காலை ஒட்டடை முதலில் போய்ப் பிடித்தது கேமராக்காரரை. அவர் ஒளிக்கவே இல்லை. கேமரா வைக்கும் மேடையில் கழகப் புரவலருக்கு ஒரு சோபா வந்து நான்கு வருடம் ஆகிறது. கேமராவை வேறெங்கே வைத்தாலும் கூடத்தின் கான்கிரீட் தூண்கள் மறைத்தன. உடற்பயிற்சிக்காக எதிர்ச் சுவர் நீளத்துக்கும் கண்ணாடி பதித்திருக்கிறார்களே, அதைப் பார்த்துத் திருப்பி வைத்தால் கோர்ட் முழுசும் விழுந்தது.

"அப்ப நாலு வருஷமா கண்ணாடியில தெரியறதையா எடுக்கறீங்க?"

"எழுதிக் குடுத்தேன் தம்பி. புரவலரோட சோபாவைப் பத்தி கேமராக்காரன் கருத்துச் சொல்லக் கூடாதுன்னு பதில் வந்துச்சு. நானும் விட்டுட்டேன்."

"சட்டையில நம்பர் இருக்கே, அதெல்லாம் திரும்பித் தெரியுமே."

"தெரிஞ்சுது. அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. நம்பரைத் திருப்பித் தைச்சுட்டான்னு டெய்லரை மாத்தினாங்க. புது ஆளு தைச்சும் அப்படியே இருந்துச்சு, அவனையும் மாத்தினாங்க. இப்ப இருக்கறவன் நாலாவது ஆளு."

ஒட்டடைக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாலு வருடத்தில் இடப்பக்கம் போகத் தெரியாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏழு பேர். அவர்களில் ஒருவன் இப்போது பஸ் ஸ்டாண்டில் டயருக்குக் காற்றடிக்கிறான். அவனை ஒட்டடைக்குத் தெரியும். காற்றடிக்கும் குழாயை அவன் பிடிப்பது இடது கையில்.

அன்று பிற்பகல் மேல்மாடியில் அவன் வீடியோவைப் போட்டு, கடிகாரத்தை மட்டும் பார்க்கச் சொன்னான். முப்பத்தொன்பது பேரும் பார்த்தார்கள். நொடி முள் ஒரு முழுச் சுற்றுப் பின்னோக்கிப் போய்ப் பன்னிரண்டைத் தொட்டது.

"கடிகாரம் ரிப்பேர்" என்றார் குறை சார்.

"கீழ வந்து பாருங்க சார், நல்லா ஓடுது. அந்தக் கண்ணாடியைப் பார்த்துதான் கேமரா வெச்சிருக்காங்க. நான் இடப்பக்கம் போனா உங்களுக்கு வலப்பக்கமாத் தெரியும். கோச் பொய் சொல்லல சார்."

குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முட்டாளாக இருந்திருந்தால்கூட மன்னித்துவிடலாம்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அப்படிச் சொல்லி உன்னை அனுப்பிடலாம், ஆனா நான் அப்படிச் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தார். "நீ சொல்றது சரின்னே வெச்சுக்குவோம். நாலு வருஷம், நூத்தி இருபது ரிப்போர்ட். ஏழு பேரை வெளிய அனுப்பியிருக்கோம். அந்த ஏழு குடும்பமும் அழுது முடிச்சு, ஒரு வழியா மனசைத் தேத்திக்கிட்டாங்க. இப்ப போயி, உங்க பையன் மேல தப்பில்ல, நாங்கதான் மாத்திப் பார்த்துட்டோம்னு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்? உனக்கு அக்கா தங்கச்சி இருக்காங்கல்ல? கொஞ்சம் இரக்கம் வேணும்ப்பா. உண்மை எங்க ஓடிடப் போகுது? ஆனா ஒரு குழுவோட மரியாதை போச்சுன்னா திரும்பி வருமா?"

பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாத்தியம் மேடம் மூக்கை உறிஞ்சினார்.

"உனக்கும் ஒரு வழி வெச்சிருக்கேன்" என்றார் தலைவர். "இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு. வலது கையால ஆடு. வீடியோவுல இடது கையாத் தெரியும். குறை நீங்கிடுச்சுன்னு நாங்களே எழுதிடறோம்."

"வலது கையால போட்டா விழாது சார்."

"விழணும்னு யாரு கேட்டா? முயற்சி தெரிஞ்சா போதும்."

ஒட்டடை முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்ததாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். அவன் அப்படிச் செய்யவில்லை. அவனுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. ஒன்பது நாள் வலது கையால் ஆடினான். ஐம்பது பந்தில் மூன்று விழுந்தது, ஒரு நாள் ஒன்றுமே விழவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு நாலடி போவதற்குள் அவன் காலிலேயே அது பட்டு ஓடியது. தூண் அவனைத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏன்டா இப்படி ஆடறே? பார்க்கவே என்னவோ பண்ணுது" என்றார். பத்தாம் நாள் ஒட்டடை பந்தை இடது கைக்கு மாற்றி, கோர்ட்டின் பாதியிலிருந்தே ஒன்று போட்டான். வளையத்தைத் தொடாமல் விழுந்தது. அப்படியே மேலே போய், தன்னால் முடியவில்லை என்று சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான்.

'ஒன்பது நாள் இடது கையை முயன்று பார்த்தும் வீரருக்கு அது வரவில்லை. குறை உறுதியானது' என்று அறிக்கையை முடித்தார்கள். ஒப்பந்தம் முடிந்தது என்ற கடிதத்தை அவன் வாங்கிக்கொண்டு கூடத்தைக் கடந்தபோது, ஒருவர் ஏணியில் ஏறிச் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அது சின்னச் சோறாக இருந்தால்தான் முடியாது.

நீக்கப்பட்ட பயிற்சியாளர் ஊரின் மறுகோடியில் ஒரு சின்னக் கழகத்தில் சேர்ந்திருந்தார். முன்பு சிமெண்ட் மூட்டை அடுக்கிய கிடங்குதான் கூடம். குழு கிடையாது. டிக்கெட் கிழிப்பதும் அவரே. ஒரு வாரத்தில் அவரே போன் செய்தார். "வர்றியா? மூட்டை தூசி இருக்கு, தும்மல் வரும். மத்தபடி ஆடலாம்."

ஒட்டடை ஆடினான். தினமும் முழு நேரம், இடது கையால், இடப்பக்கமாக. ஆறு மாதத்தில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் அவன் பெயர் மூன்று முறை வந்தது. பிறகு பழைய கழகத்தோடு, அவர்கள் கூடத்திலேயே ஒரு ஆட்டம் வந்தது.

அவனைத் தடுக்க எதிரில் வந்து நின்றவர் தூண். ஒட்டடைக்கு அவரைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் நின்ற நிலை விசித்திரமாக இருந்தது. வலப்பக்கம் முழுக்க அடைத்துக்கொண்டு, இடப்பக்கம் லாரி போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"நீ இடப்பக்கம் போக மாட்டேன்னு ரிப்போர்ட்ல இருக்கு. வலப்பக்கத்தை அடைக்கணும், இடப்பக்கத்தைத் திறந்து விடணும். எழுத்துல குடுத்து கையெழுத்தும் வாங்கியிருக்காங்க."

"நான் எந்தப் பக்கம் போவேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். என் விலாவுக்கும் தெரியும். என்ன பண்ணச் சொல்றே? மூத்தவளை ஆறாங் கிளாஸ்ல சேர்க்கற வருஷம்டா இது."

விசில் ஊதினார்கள். ஒட்டடை இடப்பக்கம் போய்ப் போட்டான், விழுந்தது. அடுத்த முறையும் இடப்பக்கம். பாதி ஆட்டத்துக்குள் இருபத்துநாலு புள்ளி. பார்வையாளர்கள் முதலில் கைதட்டினார்கள், பிறகு தூணைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள், அதற்கும் பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். இடைவேளையில் அணியின் புதுப் பயிற்சியாளர் மேல்மாடிக்கு ஓடிப்போய், அறிவுரையை மாற்றலாமா என்று கேட்டார். ஆட்டம் நடக்கும்போது கருத்துச் சொல்லும் வழக்கம் இல்லை, நாளைக்கு வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

மூன்றாவது கால் பகுதியில் ஒட்டடைக்கே பொறுக்கவில்லை. ஓடிக்கொண்டே சொன்னான். "அண்ணே, ஒரு தடவையாவது குறுக்க வாங்கண்ணே. ஒரு மாதிரியா இருக்கு."

"பேசாம போடுறா" என்றார் தூண், மூச்சு வாங்க, ஒதுங்கி வழி விட்டுக்கொண்டே. "நான் குறுக்க வந்தா என் வேலை போயிடும்."

ஆட்டம் முடிந்தபோது ஒட்டடையின் கணக்கில் நாற்பத்தாறு புள்ளிகள். தூண் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நான்காம் நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"லெட்டர் வந்துருச்சுடா" என்றார். "படிக்கறேன் கேளு." கடிதத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தார். 'வீடியோவைத் தீர ஆராய்ந்ததில், எதிரணி வீரர் ஆட்டம் முழுவதும் வலப்பக்கமாகவே சென்றார் என்பதும், அவருக்கு இடப்பக்கம் போகத் தெரியாது என்ற குழுவின் மதிப்பீடு முற்றிலும் சரி என்பதும் நிரூபணமாகிறது. குழு தன்னைப் பாராட்டிக்கொள்கிறது. அதே வீடியோவில், தாங்கள் குழுவின் எழுத்துபூர்வமான அறிவுரையை மீறி, வலப்பக்கத்தைத் திறந்துவிட்டு இடப்பக்கத்தை அடைத்து நின்றது ஐம்பத்தொரு முறை பதிவாகியுள்ளது. கீழ்ப்படியாமைக்காகத் தாங்கள் இன்று முதல் விடுவிக்கப்படுகிறீர்கள்.'

ஒட்டடை போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "மேல போயி சொல்லலையா அண்ணே?"

"போனேன். நான் அங்கேயேதான் நின்னேன், சொன்ன பக்கத்தைத்தான் விட்டேன்னேன். அந்தப் பலகையைக் காட்டினாங்க."  பின்னால் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "பன்னெண்டு வருஷம்டா. ஒருத்தனையும் நான் சும்மா விட்டதில்ல. அன்னிக்கு உன்னை அம்பத்தோரு தடவை விட்டேன். எப்படியும் போகப்போற வேலைன்னு தெரிஞ்சிருந்தா, அதுல ஒரு தடவையாவது குறுக்க வந்திருப்பேன்."